மிஞ்சிய சோறும் குப்பைத் தொட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே போனது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை கூறுகிறது. நாமோ கல்யாண மண்டபங்களை மட்டும் குறைகூறிக்கொண்டிருக்கிறோம். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் இராச்சோறு மிஞ்சினால், அம்மா அதை மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும் சேர்த்துப் பழங்கஞ்சியாகத் தருவார். இன்று அதே சோறு குளிர்பெட்டியில் மூன்று நாள் கிடந்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது (என் வீடும் விலக்கல்ல). தேங்காய் அரைத்துச் சேர்த்த அவியல் சீக்கிரம் ஊசிப்போகும் என்பதால், அரைப்புச் சேர்க்கும் முன்பே வெந்த காயில் பாதியை எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறேன். உரமாக்கும் மண்கலங்களை உள்ளாட்சிகள் மானிய விலையில் தந்தால், தோலும் தண்டுமாவது தென்னை மூட்டுக்குப் போய்ச் சேரும்.

ஒரு வாசகி,
களியக்காவிளை.