யாருக்குப் பயன் என்ற கேள்வி விட்டுப்போன கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சமூகவியலின் செயல்பாட்டுக் கோட்பாடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவள் நான், அந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைமுக்குத் தமிழ் நாளிதழில் முழுப் பக்கம் கிடைத்ததே என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரை போய் முடிந்த இடம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. குடும்பம், மதம், பள்ளிக்கூடம் எல்லாம் சமூகம் என்கிற உடம்பின் உறுப்புகள், அதுபோலவே நம் கிராமத்துச் சாதித் தொழில் முறையும் ஊரைக் கட்டிக் காத்த ஓர் உறுப்பு, காரணம் இல்லாமலா பெரியவர்கள் வைத்தார்கள், இங்கிலீஷ் படிப்பு வந்துதான் எல்லாம் குலைந்தது என்று முடிகிறது அது. கோட்பாட்டில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினால்தான் இந்த முடிவுக்கு வர முடியும்.

ஒரு சமூக அமைப்பைப் பார்த்ததும் இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லாமல், இது இங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேட்கச் சொன்னார்கள் செயல்பாட்டுவாதிகள். அருமையான கேள்வி. வகுப்பில் நான் முதலில் கற்றுக்கொடுப்பதே அதைத்தான். ஆனால் அதே டர்க்கைம் 1895-லேயே தெளிவாக எச்சரித்திருக்கிறார்: ஒன்றால் பயன் இருக்கிறது என்று காட்டிவிட்டால் அது எப்படித் தோன்றியது என்று விளக்கியதாக ஆகாது, இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஆக, இன்றைக்கு ஒரு பயனைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்காகத்தான் பெரியவர்கள் அன்றைக்கே யோசித்து வைத்தார்கள் என்று சொல்ல டர்க்கைமைத் துணைக்கு அழைக்கவே முடியாது.

கட்டுரையாளர் பெரிதாகச் சார்ந்திருப்பது அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைசரை. உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் தங்கிப் பார்த்து, தச்சர், நாவிதர், வண்ணார், குயவர் என்று ஒவ்வொரு சாதியும் மற்றவருக்கு வேலை செய்து பதிலுக்குத் தானியம் வாங்கும் முறையைப் பரஸ்பர உதவியாக 1936-ல் எழுதியவர் அவர். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி டெல்டா கிராமம் ஒன்றில் ஊருக்குத் துணி வெளுத்தவர். வீடு வீடாக அழுக்கு எடுத்து, உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்து, ஆற்றில் அலசிக் காயவைத்துத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெண் பிள்ளை சமைந்த வீட்டுக்கு மாத்து, அதாவது மாற்றுத் துணி, கொடுப்பதும் சாவு வீட்டு வேலையும் தனி. கூலியாகக் காசு கிடையாது. சாயங்காலம் குண்டானோடு போய்த் தெருவில் நின்று குரல் கொடுத்தால் மிஞ்சின சோறு கிடைக்கும், எல்லா வீட்டுக் குழம்பும் அந்த ஒரே குண்டானில்தான் விழும். அறுவடையின்போது களத்தில் நெல் உண்டு. எவ்வளவு என்று கணக்கு இருந்தாலும் அது அளக்கிறவர் கையில் இருந்தது. மரக்காலைத் தலை தட்டி அளக்கிறார்களா, குவித்து அளக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு கடைசி ஆளாக நிற்பாராம். குறைந்தால் கேட்க முடியாது. அப்படியா, நாளைக்கு அழுக்கு எடுக்க வரமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. மிராசுதாரர் நினைத்தால் வேறு ஊரிலிருந்து ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிடலாம், பாட்டிக்கு வேறு ஊர் கிடையாது.

பரஸ்பரம் என்று எழுதும்போது, வேண்டாம் என்று சொல்ல யாரால் முடிந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா? வைசர் காட்டிய சித்திரத்தை மறுத்து 1959-ல் மானுடவியலாளர் தாமஸ் பைடல்மன் எழுதியதும் இதுதான்: நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் விதிமுறையைத் தீர்மானிக்கிறார். வைசரின் புத்தகம் வந்த அதே 1936-ல், லாகூர் மாநாட்டில் பேச எழுதிய உரையை, மாநாடே ரத்தானதால் அம்பேத்கர் தானே அச்சிட்டு வெளியிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரிக்கிறது என்பது அதில் வரும் வாதம். டர்க்கைமும் இதற்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. 1893-ல் வேலைப் பிரிவினை பற்றி எழுதியபோதே, கட்டாய வேலைப் பிரிவினை என்று தனி அத்தியாயம் வைத்தார். தகுதியைப் பார்க்காமல் பிறப்பால் வேலையைத் திணிக்கும் இடத்தில் ஒருமைப்பாடு வராது, மோதல்தான் வரும் என்றார். அந்த அத்தியாயத்தைப் பற்றி உங்கள் முழுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் அந்த உடம்பு உவமை. கைக்கு உடம்பை விட்டுப் போகும் எண்ணம் வராது. மனிதர்களுக்கு வந்தது. கும்பகோணத்தில் ஒரு சலவைக் கடையில் இடம் கிடைத்ததும் என் பெரியப்பா போனார், பின்னாலேயே அப்பாவும் போனார், பாட்டி அந்தக் குண்டானைத் தொடவில்லை. கட்டுரையாளர் குலைந்துவிட்டது என்று எழுதுவதை எங்கள் வீட்டில் தப்பித்தோம் என்று சொல்வோம்.

இதை எல்லாம் சொல்வதால் செயல்பாட்டுக் கோட்பாட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்குள்ளேயே இருந்துகொண்டு அதைத் திருத்தியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன். இருக்கிற ஒவ்வொன்றும் சமூகம் முழுமைக்கும் நன்மை செய்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல வேலை உண்டு, அந்த வேலையை வேறெதுவும் செய்ய முடியாது என்ற மூன்று நம்பிக்கைகளையும் 1949-ல் அவர் உடைத்தார். ஒருவருக்குப் பயன் தருவது இன்னொருவருக்குக் கேடாக இருக்கலாம், யாருக்கு என்று கேள் என்றார். சொல்லி வைத்த நோக்கம் வேறு, யாரும் சொல்லாமல் உள்ளே நடக்கும் வேலை வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

நம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை வைத்தே இதைப் பார்க்கலாம். காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவு எல்லாவற்றுக்கும் சொல்லப்பட்ட நோக்கம் பசி தீர்ப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைப்பது. சொல்லாமல் நடந்த வேலை, தெருவில் ஒன்றாகத் தண்ணீர் குடிக்காத வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் தட்டோடு உட்கார்ந்தது. பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காக என் பிள்ளைக்கு வேண்டாம் என்று சில ஊர்களில் பெற்றோர்கள் நின்றதும், அதிகாரிகளே போய்க் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்ததும் எதனால்? அந்த வரிசை என்ன செய்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. பள்ளிக்கூடம் என்கிற நிறுவனம் இருக்கிற ஒழுங்கை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறது என்பது பாதி உண்மை, சில சமயம் அந்த ஒழுங்கை அது அசைத்தும் விடுகிறது.

எதையும் எடுப்பதற்கு முன் அந்த வேலையை இனி யார் செய்வார்கள் என்று யோசிக்க வேண்டும் என்று கட்டுரை சொல்வது சரிதான். அதற்கும் மெர்ட்டனிடம் பதில் இருக்கிறது, ஒரே வேலையை வேறு அமைப்பும் செய்ய முடியும் என்று. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், ஊர்த் தலைமை பார்க்கும் மணியக்காரர் பதவிகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் பரம்பரையாக வந்துகொண்டிருந்தன. 1980-ல் தமிழக அரசு அவற்றை ஒழித்தது, கிராம நிர்வாக அலுவலர் வந்தார், இன்று டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதி யார் வேண்டுமானாலும் அந்த நாற்காலிக்கு வரலாம். சிட்டா, அடங்கல் என்ற நிலக் கணக்குகள் எழுதுவது நின்றுவிடவில்லை. வேலை இருந்தது, பிறப்போடு இருந்த முடிச்சு மட்டும் அவிழ்ந்தது.

குரூப் தேர்வுகளுக்குப் படிக்கிற என் மாணவிகள் உங்கள் இணைப்பிதழைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அந்தக் கட்டுரையும் இப்போது பல நோட்டுகளில் இருக்கும். அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், மெர்ட்டனையும் டர்க்கைமின் அந்த விடுபட்ட அத்தியாயத்தையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமூகவியல் ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.