ஒரு வாரத்தில் 5 கிலோ குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்யாண சீசன் நெருங்கினால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாளிதழ்களுக்குள் மடித்து வரும் நோட்டீஸ்களில் '7 நாளில் 5 கிலோ' என்ற வாக்குறுதியும் வந்துவிடுகிறது. காலையில் தேன் எலுமிச்சை, மதியம் ஒரு டம்ளர் காணக் (கொள்ளு) கஞ்சி, இரவில் சூப். இல்லையென்றால் விலை கூடிய ஒரு பவுடர். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 600 கலோரி தேறாது. 800-க்குக் கீழே போகும் எந்த உணவுமுறையையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். அதை எந்த நோட்டீசும் சொல்வதில்லை.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். வீட்டுவேலை பார்க்கும் நடுத்தர உடல்வாகுப் பெண்ணின் ஒரு நாள் செலவு சுமார் 1,900. ஏழு நாளும் பச்சைத் தண்ணீரோடு கிடந்தாலும் கரையும் கொழுப்பு 2 கிலோவை எட்டாது. பிறகு எடை மெஷினில் முள் எப்படி இறங்குகிறது? பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் அரைக் கிலோ அளவில் கிளைக்கோஜன், அதாவது உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை, இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் இரண்டும் சேர்ந்து போகும், கூடவே தசையும் கொஞ்சம் கரையும். சோறு தின்னத் தொடங்கியதும் தண்ணீர் சில நாளில் திரும்பிவிடும். தசை அப்படி வராது. உடலின் கலோரிச் செலவு குறைந்து பசி கூடியிருப்பதால், பழைய சாப்பாட்டிலேயே எடை ஏறும்.

இந்தப் பட்டினியால் முடி உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்பதால் பழி கிணற்றுத் தண்ணீர் மேல் விழும். பித்தப்பைக் கல்லும் இப்படித்தான். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடும். எண்ணெயே இல்லாத சாப்பாட்டில் பித்தப்பை சுருங்காமல் அது தேங்கிக் கல்லாகும். வலது விலாவுக்குக் கீழே பிடித்து தோள்வரை இழுக்கும் வலியை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருக்கும்போதும் குளுக்கோமீட்டர் 250-க்குக் கீழேயே காட்டி ஏமாற்றும். மருத்துவரைக் கேட்டு மாத்திரை அளவை மாற்றாமல் டயட்டை மாற்றக் கூடாது.

மாதம் 2 முதல் 4 கிலோ போதும். அதற்கு நம் ஊர்ச் சாப்பாட்டை விட வேண்டியதில்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், நாளுக்கு 60 கிராம் புரதம் வேண்டும்: 150 கிராம் சாளை அல்லது அயிலை மீனில் 30, இரண்டு முட்டையில் 12, அரைக் கப் வெந்த சிறுபயற்றில் 7, மீதி தயிரிலும் சோற்றிலும் வந்துவிடும். மீனைப் பொரிக்காமல் கறியாக வையுங்கள். மரச்சீனிக் கிழங்கு 300 கிராம் தின்றால் 450 கலோரி; அதைப் பாதியாக்கி மீனைக் கூட்டலாம். எண்ணெய் ஆளுக்கு 3 தேக்கரண்டி, அதாவது நாலு பேர் வீட்டில் அரை லிட்டர் எட்டு நாள் வர வேண்டும். துருவும் தேங்காய் தனிக் கணக்கு. 100 கிராமில் 350 கலோரி. நேந்திரங்காய் சிப்ஸ் 100 கிராமில் 500-க்கு மேல். கல்யாண வீட்டுப் பாயசத்தைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை.

நாளிதழ் நிர்வாகங்களுக்கும் ஏஜென்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய நோட்டீசை உள்ளே வைக்கும் முன், ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, யார் யார் பின்பற்றக் கூடாது, யார் மேற்பார்வை என்ற மூன்று விவரமும் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.