பன்றி ஆய்வு வேலூருக்கு அந்நியமன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், பன்றியைக் கொண்டு மனித நோயை ஆராய்வது அருவருப்பானது, வீண் வேலை என்று அதற்கு வாசகர் ஒருவர் எழுதியிருந்த மறுப்பையும் படித்தேன். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் கால்நடை மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் அந்த மறுப்பைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அண்ணாமலையாரின் அடி தேடித் திருமால் எடுத்த வடிவம் எது என்பதைத் திருவண்ணாமலையும் ஒரு காலத்தில் அடங்கியிருந்த இந்த மாவட்டத்தாருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் என் வாதம் புராணத்தைச் சார்ந்ததன்று.

அருவருப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நீரிழிவுக்காரர்கள் பல பத்தாண்டுகள் போட்டுக்கொண்ட இன்சுலினில் பெரும்பகுதி பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்ததுதான். மனித இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில் பன்றியினுடையது ஒன்றே ஒன்றில்தான் வேறுபடுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்க இன்றும் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவதே.

நம் ஊருக்கும் பன்றிக்கும் உள்ள உறவு இதைவிட நெருக்கமானது. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூரில்தான். நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கொக்கு, நாரைகளிடமிருந்து அந்த வைரசைப் பன்றிக்குக் கொண்டுவருகிறது. பன்றியின் இரத்தத்தில் அது பன்மடங்காகி, கொசு வழியாகவே குழந்தைகளைச் சென்றடைகிறது. வலிப்பு நோயையும் சொல்ல வேண்டும். இம்மாவட்ட மக்களிடையே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் தங்கிய பன்றி நாடாப்புழுக் கட்டிகளே காரணம் என்று தெரியவந்தது. பன்றியிறைச்சியைத் தொடாதவர்களுக்கும் இது வருகிறது. ஏனெனில் புழுவைக் குடலில் சுமக்கும் மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் நீரிலும் காய்கறியிலும் கலக்கின்றன. பன்றியும் அதே மலத்தைத் தின்றுதான் நோயைப் பெறுகிறது. அதன் மூளையிலும் அதே கட்டி இயற்கையாகவே உண்டாவதால், கட்டியை உடலின் எதிர்ப்பாற்றல் எவ்வாறு எதிர்கொள்கிறது என்று பார்க்கப் பன்றியைவிடப் பொருத்தமான விலங்கு கிடைக்காது.

என்னை மிகவும் ஈர்ப்பது பிறந்த குட்டியின் உடல்தான். ஈன்ற அன்றே சீம்பால் குடிக்காத குட்டி தேறாது என்பது பன்றி வளர்ப்போர் எல்லோருக்கும் தெரியும். மனிதக் குழந்தைக்கு, நோயை எதிர்க்கும் புரதங்களான தாயின் எதிர்ப்பொருள்கள் கருவிலேயே நச்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடுகின்றன. பன்றியிலோ தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் இடையே ஆறு திசு அடுக்குகள் நிற்பதால் எதிர்ப்பொருள்கள் கடப்பதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறந்து, முதல் ஒரு நாளுக்குள் சீம்பாலிலிருந்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வளர்ப்பவருக்கு இது தொல்லை, ஆய்வாளருக்கோ வாய்ப்பு. அறுவை செய்து குட்டிகளை எடுத்து, கிருமியே புகாத கூண்டில் வளர்த்தால், தாயின் எதிர்ப்பொருளும் குடல் நுண்ணுயிரும் இல்லாத உயிர் கிடைக்கிறது. அதற்கு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, எது எதை மாற்றுகிறது என்று பிரித்தறியலாம்.

இது நமக்கு ஏன் வேண்டும்? குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரசுக்கு எதிராக இந்தியாவில் உருவான சொட்டு மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. கடும் நோயை அது தடுத்தது பாதிக்குச் சற்று மேல் மட்டுமே. வளர்ந்த நாடுகளில் இத்தகைய மருந்துகள் 85 விழுக்காட்டுக்கு மேல் காக்கின்றன. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சொட்டு மருந்தை முடக்குகிறதா, குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களா, சத்துக்குறைவா என்ற கேள்வியைச் சுண்டெலியிடம் கேட்டுப் பயனில்லை. மனித ரோட்டா வைரஸ் அதன் குடலில் சரியாகப் பெருகுவதே இல்லை. பன்றிக்குட்டிக்கு அதே வைரசைக் கொடுத்தால் நம் குழந்தையைப் போலவே அதற்கும் வயிற்றுப்போக்கு வருகிறது.

அதற்காகப் பன்றியை நான்கு கால் மனிதனாக எண்ணிவிடக் கூடாது. அதன் நிணநீர்க் கணுக்கள் உள்ளும் புறமும் மாறி அமைந்தவை. மனித இரத்தத்தில் சிறு பங்காக மட்டுமே காணப்படும் காமா-டெல்டா வகை டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் இளம் பன்றிகளில் மிகுதி. மேலே நான் பாராட்டிய நச்சுக்கொடி வேறுபாடும், கருவிலேயே தாயிடமிருந்து பாதுகாப்பு பெறும் மனிதக் குழந்தையின் நிலையை ஆராய வருபவருக்குத் தடையாகிவிடும். எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு என்று தேர்வதில்தான் திறமை இருக்கிறது.

வதை பற்றிய கவலை நியாயமானதே. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த 1998-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு இருக்கின்றன. பெரிய விலங்குகள் மீதான ஆய்வுக்கு மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி காகிதத்தில் நின்றுவிடாமல் பார்ப்பதற்கு விலங்கை அறிந்தவர் உடனிருக்க வேண்டும்.

ஆகவே அரசிடம் என் கோரிக்கை இதுதான். 1932-இலிருந்து கால்நடைத் தடுப்பு மருந்துகளுக்குப் பேர்பெற்ற இராணிப்பேட்டை நிறுவனத்தையும் வேலூரின் மருத்துவ ஆய்வாளர்களையும் இணைத்து, பன்றிக்குட்டிகளைக் கொண்டு வாய்வழித் தடுப்பு மருந்துகளை ஆராயும் திட்டம் ஒன்றுக்கு நிதி ஒதுக்க வேண்டும். திட்டம் தீட்டும் நாளிலேயே கால்நடை மருத்துவர்களையும், முடிந்தால் வெண்பன்றி வளர்ப்போர் ஓரிருவரையும் அழைக்க வேண்டும். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பன்றியின் சினைக்காலத்தை விரல்விட்டு எண்ணுபவர்கள் அவர்கள். அறுவைக்குரிய நாள் ஓரிரண்டு முன்னே போனாலும் குட்டி மூச்சுவிடத் திணறும், பின்னே போனால் தாய் தானே ஈன்றுவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
குடியாத்தம்.