ஏலத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை கொடுங்கள்

கடலூர் வட்டாரத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைப்பவன் எழுதுகிறேன்.

போன மாதம் வேறு வேலையாக ஒரு பள்ளிக்குப் போனேன். வராண்டாவில் பதினோரு பழைய கணினிகள் தூசியோடு அடுக்கியிருந்தன. "கண்டம் பண்ணியாச்சு சார், எடைக்குப் போகுது" என்றார்கள். அனுமதி கேட்டு ஒன்றைத் திறந்தேன். பென்டியம் 4 சிப், 512 எம்பி ராம். ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் திரையில் எழுத்து வந்துவிட்டது. உப்புக்காற்று வீசும் நம் ஊரில் பாதிக் கணினிகளுக்கு இதுதான் வியாதி.

மீதிப் பாதிக்கு விண்டோஸ்தான் பிரச்சினை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 11 போடலாமென்றால் 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. இந்தப் பெட்டிகள் அந்த வாசலைக்கூட மிதிக்க முடியாது.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளமும் இப்போது பழைய கணினிகளைக் கொஞ்சம் கைவிடத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியதே 386 சிப்பில்தான். 2013-இல் வந்த 3.8 கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, அந்த 386-ஐயே விட்டுவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பில், பழைய பெட்டிகளில் இருக்கும் 32 பிட் சிப்புகளுக்கான நிறுவி இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திக்கொண்டது. ஆனால் டெபியன் 12-இன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23 என்ற எளிய லினக்ஸ், 32 பிட்டிலும் கிடைக்கிறது. 512 எம்பியில் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க் செத்த பெட்டிக்கு டைனி கோர் என்ற குட்டி லினக்ஸ் இருக்கிறது. முப்பது எம்பிக்கும் குறைவு. சிடியிலிருந்து ராமில் ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இலவச இயங்குதளம் 386-க்கு அடுத்து வந்த 486 சிப்பில்கூட ஓடும். அது என் ஆசைக்கு. பிள்ளைகளுக்குப் போட்டுத் தரமாட்டேன். அதன் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்தே தெரியாது, எக்ஸ் என்ற வரைகலைத் திரையை எழுப்பினால்தான் உண்டு.

என்ன நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூடியூப் பாடம் ஓடாது. ஒரு வலைப்பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பென்டியம் 4 மின்சாரத்தையும் தாராளமாகக் குடிக்கும். பதினொன்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. நான்கு தேறினால் போதும்.

அந்த நான்கில் தமிழ்99 தட்டச்சு படிக்கலாம். லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் அது ஏற்கெனவே இருக்கிறது, லோஹித் எழுத்துரு மட்டும் சேர்க்க வேண்டும். பைத்தான் மொழியில் நிரல் எழுதலாம். செல்போனில் கட்டைவிரலால் மட்டுமே தட்டத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பையனுக்குப் பத்து விரலும் பழக இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்தால் தேதி இருபது வருடம் பின்னால் போய்விடும். உடனே எந்தத் தளமும் 'சான்றிதழ் செல்லாது' என்று திறக்க மறுக்கும். இதை வைரஸ் என்று நினைத்து ஓரங்கட்டிய பெட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். செல் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும்.

ஏலத் தேதிக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை எனக்குக் கணினி அறையைத் திறந்து விடுங்கள். கூலி வேண்டாம். தேறாதவற்றின் ஹார்ட் டிஸ்க்கையும் அழித்துத் தருகிறேன்; மாணவர் விவரங்களோடு அது காயலான் கடைக்குப் போக வேண்டாம். அதுவரை ஒரே உதவி: சிடி டிரைவை யாரும் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டிகளில் பல பென்டிரைவிலிருந்து எழுந்திருக்காது.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்து மெக்கானிக்