அதே பூ, அதே நீலம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சமூக ஊடகம் கைத்தொழில்களுக்கு உயிர் கொடுத்திருப்பதாக உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். பொய்யில்லை. செட்டிநாட்டு ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் வண்ண சிமெண்ட் கல்லைக் கையால் ஊற்றிப் பிழைப்பவன் நான். கடை டைல்ஸின் பளபளப்புக்கு முன்னால் எங்கள் தொழில் படுத்துக் கிடந்த காலம் நினைவிருக்கிறது. இன்று கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வருவது செல்போன் புண்ணியத்தில்தான். ஆனால் எந்தக் கல்லைக் கேட்டு வருகிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் விசாரிக்கவில்லை.

எங்கள் பரணில் தாத்தா காலத்து அச்சுகள் அறுபதுக்கு மேல் கிடக்கின்றன. கீழே இறங்கி வேலை செய்பவை ஐந்தாறு. வருகிறவர் வாசலைத் தாண்டும்போதே போனை நீட்டுகிறார். அதே பூ, அதே நீலம். ஒரு படத்தில் நாலு பேர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டால், அதை நானூறு பேர் கண்முன் கொண்டுபோய் வைக்கிறது அல்காரிதம். போனில் தெரியும் அந்த நீலம் சிமெண்டில் வராது என்று சொன்னால், எனக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைக்கிறார்கள்.

வெளியூர் ரசனை வரக்கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலேறி வந்த சீமை இது. அப்படி வந்த வெளிநாட்டுக் கற்களைப் பார்த்துத்தான் எங்கள் கல்லே இங்கத்து மணலில் பிறந்தது என்பார்கள் பெரியவர்கள். ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போய்த் திரும்பி வந்த செட்டியார் வீடு கட்டும்போது ஒன்றில் பிடிவாதமாக இருந்தாராம்: பங்காளி வீட்டு முகப்பில் இருக்கும் கல் தன் வீட்டில் இருக்கக்கூடாது. அந்த வீம்பில் பிறந்தவைதான் பரணில் கிடக்கும் அச்சுகள். இன்றைக்கோ அடுத்தவர் வீட்டில் இருப்பதே வேண்டும் என்பதுதான் வீம்பு.

எங்கள் பங்கும் இதில் உண்டு. 2020-இல் டிக்டாக்கைத் தடைசெய்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. என் மகன் அதில் இறங்கினான். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்குவது சில நிமிட வேலை. ஜனங்கள் பார்ப்பது அதை மட்டும்தான். மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டி, தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவதை யார் பார்ப்பார்கள்? கல்லின் ஆயுளே அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. இப்போது புது அச்சுக்குக் கோடு போடும்போதே, "தூக்கும்போது பளிச்சுன்னு தெரியுமாப்பா?" என்று கேட்கிறான். காவிக்குள் மங்கலாக மஞ்சள் ஓடும் பழைய வடிவங்களை ஓரங்கட்டியது வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்த படம் செயற்கை நுண்ணறிவு வரைந்தது. 'செட்டிநாட்டுத் தரை' என்று கேட்டு வாங்கினாராம். நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ முழுசாக வரவேண்டும். அதிலோ ஒரு பக்கம் ஐந்து இதழ், மறுபக்கம் ஆறு. மூலை மூலையோடு சேரவில்லை. திருத்தித் தருகிறேன் என்றேன். படத்தில் இருக்கிறபடியே வேண்டும் என்றார். ஊற்றிக் கொடுத்தோம். அவர் அந்தத் தரையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார். அதே பூ வேண்டும் என்று நேற்றுவரை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு கல் பட்டறைக்காரன்,
ஆத்தங்குடி.