கண்ணுக்குள் வைத்த மருந்து

ஹட்டன்.

அன்புள்ள மகளுக்கு,

"குளிசை இருக்கும்போது ஏன்மா கண்ணுக்குள் ஊசி போட விட்டீங்க?" என்று நீ அழுததும் எனக்குப் பதில் வரவில்லை. போனில் அழுகிறவளிடம் என்னத்தை விளக்குவது? அதனால் எழுதுகிறேன்.

மறைத்தது என் தப்புதான். மார்கழியிலேயே, எதிர்மலையைப் பார்த்தால் நேராகப் போகிற தேயிலை நிரை நடுவில் மட்டும் நெளிந்து தெரிந்தது. கண்ணாடிக் கடையில் வயசுக் கோளாறு என்று புதுக் கண்ணாடியை விற்றுவிட்டார்கள். நானும் நம்பினேன்.

பிறகுதான் இது கண்ணுக்குள் அழற்சி, யுவியைட்டிஸ் என்று தெரிந்தது. விழித்திரையின் நடுவில் மக்யூலா என்று ஒரு இடம் இருக்கிறது. எழுத்து வாசிக்கிறதும் முகம் பார்க்கிறதும் அதனால்தான். அங்கே நீர் கோர்த்து வீங்கியிருந்தது.

நீ கேட்ட குளிசையும் முதலில் தந்தார்கள், அழற்சியை அடக்குகிற ஸ்டீராய்டு மருந்துதான். கண் தெளிந்தது, ஆனால் முகம் பணியாரம் மாதிரி ஊதியது. எனக்குத்தான் சீனி வருத்தம் இருக்கிறதே, அது 300ஐத் தாண்டியது. குளிசையைக் குறைத்தால் வீக்கம் திரும்ப வந்தது. ஒரு கண்ணுக்காக உடம்பு முழுக்க மருந்து ஊட்டுவானேன் என்று டொக்டரே கேட்டார். காசநோய் மாதிரிக் கிருமி எதுவும் காரணமில்லை என்று நெஞ்சு எக்ஸ்ரேயிலும் இரத்தத்திலும் பார்த்துவிட்டுத்தான் கண்ணுக்குள்ளேயே மருந்து வைக்கக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். போகிற வழியில் கினிகத்தேனை வளைவுகளில் வந்த வாந்திதான் பெரிய கஷ்டம், ஊசி இல்லை.

விறைக்க மருந்து விட்டு, வெள்ளை விழி வழியாகப் போட்டார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே போனது ஓசுர்டெக்ஸ் என்கிற மருந்துக் குச்சி: அரிசி நீளம், அரை மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லை. அதில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு 0.7 மில்லிகிராம். மூன்று முதல் ஆறு மாதம் வரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே தானாகக் கரைந்துவிடும், எடுக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் வேலை செய்கிற புளூசினோலோன் என்று இன்னொரு ஸ்டீராய்டுக் குச்சியும் இருக்கிறதாம். என் கண் ஸ்டீராய்டைத் தாங்குமா என்று தெரியாமல் அதை வைக்க டொக்டருக்கு மனமில்லை. கெட்டிக்கார மனுசன்.

அவர் பயந்தது சரியாகத்தான் போனது. இரண்டாம் மாதம் கண் பிரஷர் 15லிருந்து 27 ஆகிவிட்டது. இப்போது காலையும் மாலையும் சொட்டு விடுகிறேன், 18க்கு இறங்கியிருக்கிறது. கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பே போய்விடுமாம், வலிகூடத் தெரியாதாம். அதனால் கிளினிக்கைத் தவறவிட மாட்டேன். கண்ணில் புரை வரலாம் என்றும் சொன்னார்கள். வந்தால் ஒபரேஷன், அது அப்போது பார்ப்போம்.

ஸ்கேனில் வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது. நிரையும் நேராகிவிட்டது, ஓரத்தில் சின்ன நெளிவு மட்டும் மிச்சம். மருந்து கரைந்த பிறகு வீக்கம் திரும்பலாம், திரும்பினால் இன்னொன்று வைப்பார்கள். அதற்காக லீவு போட்டு ஓடி வராதே. சித்திரைக்கு வந்தால் போதும்.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. அன்று மெசேஜ் அனுப்பாதே, கண்மணியை விரிக்க மருந்து விட்டால் பின்னேரம் வரை எழுத்து தெரியாது. ராத்திரி கோல் எடு.

அம்மா