மார்பின் மாத்திரையைக் கண்டு பயப்பட வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் சோதனைச் சாவடிகளில் போதைப்பொருள் பிடிபடும் செய்திகளை விடாமல் வெளியிடுகிறீர்கள். பள்ளிக்கூட வாசல் வரை அந்தச் சரக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில் அது அவசியமான வேலை. ஆனால் ‘ஹெராயின், மார்பின் போன்ற கொடிய போதைப்பொருள்கள்’ என்று கடைசிப் பத்தியில் வழக்கமாக ஒரு வரி வருகிறதே, மார்பின் கடும் வலிக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்தும்கூட என்பதை மறைக்கும் அந்த வரி எங்கள் ஊரில் நோயாளிகளைத் துடிக்க விடுகிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தீராத நோயாளிகளின் வலியைத் தணித்துக் கவனிக்கும் பாலியேட்டிவ் நர்ஸோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். வாய்ப்புற்று முற்றிய ஒரு பெரியவரின் வீட்டில், டாக்டர் எழுதிக் கொடுத்த 10 மில்லிகிராம் மார்பின் மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் அரிசி டப்பாவுக்குள் கிடந்தன. “எக்சைஸ்காரங்க வந்தா என்னங்க பண்றது? அப்பா இதுக்கு அடிமையாயிட்டா?” என்றார் மகன். பெரியவரோ தாடையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எச்சில் விழுங்கவும் முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எடுத்துச் சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கணும், மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் கூடவே கொடுக்கணும், அவ்வளவுதான். அன்று ராத்திரி அப்பா தூங்கினார் என்று மறுநாள் மகனே போன் செய்தார். அந்த மாத்திரை அதுவரை வீட்டிலேயேதான் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து மார்பினைத் தனியே பிரித்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர். இருநூறு ஆண்டுக்கு முந்திய கதை. மார்பினோடு அசெட்டைல் என்ற வேதித் தொகுதிகள் இரண்டைச் சேர்த்தால் ஹெராயின். 1898-இல் பேயர் நிறுவனம் அதை இருமல் மருந்தாகவே விற்றது! அந்தச் சேர்க்கையால் அது கொழுப்பில் எளிதாகக் கரைந்து மூளைக்குள் மளமளவென்று ஏறுகிறது. உள்ளே போனதும் மறுபடி மார்பினாக மாறுகிறது. ஆளைப் பிடித்துக்கொள்வதில் அந்த வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாய்வழி கொடுக்கும் மார்பின் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மருத்துவர் வலியைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும்போது, புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது அபூர்வம்.

சட்டமும் இதைத் தடுக்கவில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 8-ஆம் பிரிவிலேயே மருத்துவத் தேவைக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் ஒரு பெட்டி மார்பினை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர அந்த மாநிலத்தில் ஓர் அனுமதி, இந்த மாநிலத்தில் ஓர் அனுமதி என்று அலைய வேண்டியிருந்தது. கணக்கில் சின்னப் பிசகு என்றாலும் பத்தாண்டுச் சிறை என்ற பயம் வேறு. ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே நிறுத்திவிட்டன. நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் 97 சதவீதம் சரிந்து, 1997-இல் வெறும் 18 கிலோவுக்கு வந்து நின்றது. உலகத்துக்கே அபின் விளைவித்துக் கொடுக்கும் நாட்டில் இந்த நிலை! 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் போராடித்தான் கேரளத்தில் கதவு திறந்தது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ‘இன்றியமையாத போதை மருந்து’ என்ற வகையை உருவாக்கியது; மார்பினும் அந்த வகையில் சேர்க்கப்பட்டது. அனுமதி பெற்ற மருத்துவமனையில், மருத்துவரின் சீட்டோடு வாங்கி வீட்டில் வைத்திருப்பது குற்றமே இல்லை.

ஆகவே பிடிபட்டது என்ன மாத்திரையோ அதன் பெயரை மட்டும் போடுங்கள். மார்பினை வழக்கத்துக்காக இழுக்காதீர்கள். அப்புறம் இன்னொன்று. பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எங்களிடம் வந்து, “அங்கே எங்கேயும் கிடைக்கலைங்க, நாலு மாத்திரை குடுங்க” என்று கையைப் பிடிக்கிறார்கள். ஒரு நோயாளியின் மாத்திரையை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க எங்களால் முடியாது. எல்லையின் இரண்டு பக்கமும் மார்பின் வழங்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எவையென்று விசாரித்து, ஒரு பட்டியலாகத் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.